ஆள் சூடு

எனக்கு ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாது. சிரமம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நன்றி.

கட்டடங்களுக்கு ஏசி எவ்வளவு வேண்டும், ஹீட்டர் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. கடலோரத்துக்கு ஒரு கணக்கு, சமவெளிக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. எல்லாரும் பயந்துகொண்டு தேவைக்கு மேல் போடுவார்கள். நான் போடுவதில்லை. மனித உடம்பே ஒரு சின்ன ஹீட்டர்தான். அறையில் ஆட்கள் இருந்தால் அவர்களுடைய சூட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் அதை ஆள் சூடு என்பேன். ஆபீஸில் சிரித்தார்கள்.

மலைமேல் முதியோர் இல்லம் கட்டியபோது கணக்கு என்னிடம் வந்தது. வழக்கமாகப் போடும் ஹீட்டரில் பாதி போதும் என்றேன். மீதிக்குத்தான் ஆட்கள் இருக்கிறார்களே. தலைமைப் பொறியாளர், "வயசானவங்க உடம்புல ஏதுய்யா அவ்வளவு சூடு?" என்று திருப்பி அனுப்பினார். அவர் ஓய்வு பெறும்வரை பொறுத்திருந்து, புதிதாக வந்தவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

விசாரணை அறிக்கையில் அக்கறை இல்லாமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் மாமனாரையே அங்கேதான் சேர்த்தேன்.

பனிக்காலம் வந்ததும் வார்டன் அம்மா போன் செய்தார். "சார், எல்லாரும் நடுங்குறாங்க." கட்டில்களை நெருக்கிப் போடச் சொன்னேன். மாமனாரும் பேசினார். "மாப்ளே, விரல் மடங்க மாட்டேங்குது. சட்டைப் பட்டன்கூட போட முடியல." ஸ்வெட்டர் அனுப்பினேன்.

அடுத்த முறை வார்டன் அழுதார். "ரெண்டு கட்டில் காலியாயிடுச்சு சார்." அறை இன்னும் குளிர்வது அதனால்தான் என்று பொறுமையாக விளக்கினேன். ஆள் குறைந்தால் சூடும் குறையும். அது என் கணக்கின் குற்றமில்லை. பிறகு ஒவ்வொரு கட்டிலாகக் காலியானது. மாமனாருடையதும்தான். என் மனைவி அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஆபீஸ் கிடங்கில் புது ஹீட்டர்கள் பெட்டி பிரிக்காமல் இருந்தன என்கிறீர்கள். இருந்தன. சாவி என்னிடம்தான் இருந்தது. வார்டன் கேட்டார். கையிருப்பு இல்லை என்று சொன்னதும் நான்தான்.

வருத்தம் தெரிவிக்கச் சொல்கிறீர்கள். மாட்டேன். ஒரே ஒரு ஹீட்டர் அனுப்பியிருந்தாலும் ஆள் சூடு போதவில்லை என்று ஆகியிருக்கும். இப்போது யாரும் அப்படிச் சொல்ல முடியாது. உயிரோடு இருந்தவரை எல்லாரும் சூடாகத்தான் இருந்தார்கள்.