மூன்று தட்டினால் நிறுத்து

இரவு ஒன்று பத்து. மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஆறு... ஆறு கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும். ஆகஸ்ட் மாதம், வெட்டிப் போட்ட புல்லின் வாசனை. எதிரே ஒரு வண்டி வந்து நாற்பது நிமிடம் இருக்கும்.

அந்த நேரத்தில் அந்தப் பாதையில் ஒரு பழைய கேரவன் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஒப்ராத், என் சகலையின் அண்ணன். இது எனக்கு நடந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நடந்திருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சமவெளிப் பக்கம் கிகிண்டா ஊரில் எங்கள் வீட்டுக் கதவு வரைக்கும் செருப்பில்லாமல் ஓடியிருப்பேன். நெருங்கி உட்காருங்கள். அந்த விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... போதும்.

நான்கு நண்பர்கள். ஒப்ராத், ஜீகா, ராதிஷா, கோஸ்தா. பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். இளவயதில் ஒரு பித்தளை வாத்தியக் குழு வைத்திருந்தார்கள். இரண்டு கல்யாணங்களில் வாசித்தார்கள். இரண்டு ஜோடியும் பிரிந்துவிட்டது. இனிமேல் நன்றாக வாசிக்கிறவர்களைக் கேட்பதுதான் ஊருக்குச் செய்கிற உபகாரம் என்று முடிவு செய்து, ஒரு ஜெர்மன்காரர் ஓட்டித் தேய்த்த கேரவனை நாலு பேருமாகச் சேர்ந்து வாங்கினார்கள். வருடாவருடம் மலைக்கு அந்தப் பக்கம் நடக்கும் டிரம்பெட் திருவிழாவுக்கு அதில்தான் பயணம்.

ஓட்டுநர் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு பலகைப் படுக்கை. அது கோஸ்தாவுடையது. அவர் நூற்றுப் பத்துக் கிலோ. நாலு படி ஏணியில் ஏறுவதற்குள் வண்டியே ஒருமுறை இடது பக்கம் தாழ்ந்து எழும்பும்.

"ஏறிட்டியாடா? சொல்ல வேணாம். டயரு அழுவுறது இங்க கேக்குது," என்பார் ஜீகா.

"பொறாமைடா உனக்கு. எங்க வீட்டுல சோறு போடுறாங்க," என்பார் கோஸ்தா மேலிருந்து.

இன்ஜின் போடும் கூச்சலில் மேலே பேசுவது கீழே கேட்காது. அதனால் ஒரு ஏற்பாடு. பலகையில் மூன்று தட்டு... டொக், டொக், டொக்... என்றால் நிறுத்து. ஒரே ஒரு தட்டு என்றால் கிளம்பு.

கோஸ்தா எப்போதும் ஒரே இடத்தில்தான் தட்டுவார். அந்த மலைப்பாதையோரம் ஒரு நடுகல் நிற்கிறது. எந்தச் சண்டைக்கோ போய்த் திரும்பாத ஒரு சிப்பாயின் கல். உடம்பு வரவில்லை, வீட்டார் கல்லை மட்டும் வழியோரம் நட்டுவிட்டார்கள். 'இந்த வழியே போகிற சகோதரா, கொஞ்சம் நில், என் பெயரைப் படி' என்று அதில் வெட்டியிருக்கும். கோஸ்தா இறங்குவார். பெயரை உரக்கப் படிப்பார். "விதோமிர்!" பிளம் சாராயத்தில் கல்லுக்கு ஒரு சொட்டு, தனக்கு ஒரு குவளை.

"அந்தச் சிப்பாய் உன்ன மாதிரி குடிச்சிருந்தா சண்டைக்கே கூட்டிட்டுப் போயிருக்க மாட்டானுங்கடா," என்பார் ராதிஷா.

கோஸ்தா சிரிக்க மாட்டார். "நிக்கச் சொல்லிக் கேக்குறான். நின்னா என்னடா கொறஞ்சு போயிடும்?"

நான் சொல்லத் தொடங்கிய இரவுக்கு முந்தின வருடமும் இதே பாதை. மழை. திருவிழா மைதானத்தில் கேரவன் நிறுத்த நல்ல இடம் விடிவதற்குள் போய்விடும் என்ற அவசரம் ஒப்ராத்துக்கு. பக்கத்து இருக்கையில் ராதிஷா வாயைத் திறந்து குறட்டை. பின்னால் ஜீகா. மேலே கோஸ்தா.

ஒன்று பத்துக்கு, டொக், டொக், டொக்.

ஒப்ராத் நிறுத்தவில்லை. மேலே பார்த்துக் கத்தினார். "திரும்பி வரும்போது நிக்கலாம்டா!"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மறுபடியும். டொக்... டொக்... மூன்றாவது தட்டு சரியாக விழவில்லை. நகம் உரசுவது போல ஒரு சத்தம்.

ஒப்ராத் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

காலையில் மைதானத்தில் காபி போட்டுவிட்டு ஏணியில் ஏறி எழுப்பப் போனவர் ஜீகா. ஏறியவர் இறங்கவே இல்லை. அங்கேயே தொங்கிக்கொண்டு அழுதார். சுற்றிலும் நாற்பது டிரம்பெட்டுகள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

மாரடைப்பு என்றார் மருத்துவர். ஒரு மணி, ஒன்றேகால் வாக்கில் நடந்திருக்கும் என்றார். உடனே பார்த்திருந்தால்... என்று ஏதோ ஆரம்பித்தார், ஒப்ராத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒப்ராத் முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக். வண்டியில் வரும் சத்தம் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று சொல்லிவிடுவார். அன்று முழுக்க அவர் தலைக்குள் ஒரே கணக்கு. நடுகல் இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். தட்டு விழுந்தது பாலத்துக்கு முன்னால், இரண்டு வளைவுகள் இருக்கும்போதே. கோஸ்தா கல்லுக்காகத் தட்டவில்லை.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கத்தின்போது கல்லறையில் மண் போட்டார், மெழுகுவர்த்தி ஏற்றினார், வாயைத் திறக்கவில்லை. திறந்தவர் ஜீகாதான். பழக்க தோஷம். "சரிடா கோஸ்தா, அப்புறம் பாக்..." என்று தொடங்கியதும் கோஸ்தாவின் மனைவி ரூஜா பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். கல்லறையில் யாரும் அதைச் சொல்லக்கூடாது இல்லையா. 'போய் வா' சொல்லலாம், 'தூங்கு' சொல்லலாம். 'பார்க்கலாம்' மட்டும் கூடாது. அது அழைப்பு. செத்தவன் காதில் விழுந்தால் வந்துவிடுவான்.

அடுத்த வருடம் போக வேண்டாம் என்றுதான் மூன்று பேரும் இருந்தார்கள். ரூஜாதான் கோஸ்தாவின் டிரம்பெட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தாள். "அவர் எடத்துலயே வெச்சு எடுத்துட்டுப் போங்க. ஒரு தடவயாவது அந்த மைதானத்துல ஊதுங்க. யாரு ஊதினாலும் பரவால்ல... நீங்க மூணு பேரும் ஊத வேணாம், பாவம்."

பெட்டியை மேல்படுக்கையில் வைத்தார்கள். கிளம்பினார்கள்.

ஒன்று பத்து என்றேனே... அங்கே வருவோம்.

ராதிஷா பக்கத்தில் தூங்குகிறார். ஜீகா பின்னால். முதலில் வந்தது வாசனை. நனைந்த கம்பளிச் சட்டையின் வாசனை. வெளியே மழை இல்லை. ஒரு வாரமாக இல்லை.

பிறகு, சரியாக அவர் தலைக்கு மேலே...

டொக். டொக். டொக்.

ஒப்ராத் பிரேக்கை மிதித்த மிதியில் சமையல் மேடையிலிருந்து பாத்திரங்கள் எல்லாம் கீழே வந்தன. வண்டி சாலை நடுவில் நின்றது. இன்ஜினை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கி, புல்லில் போய் உட்கார்ந்துவிட்டார். மற்ற இருவரும் பின்னாலேயே இறங்கி வந்தார்கள். யாரும் 'என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை. அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

"போன வருஷம் அவன் தட்டினான்டா," என்றார் ஒப்ராத். "இங்கதான். ரெண்டு தடவ. கல்லு இன்னும் வரவே இல்ல. உயிரு போற நேரத்துல என்னை நிக்கச் சொன்னான்... நான் ரேடியோவ சத்தமா வெச்சேன்."

ஆறு ஓடும் சத்தம்.

"எனக்கும் கேட்டுச்சு," என்றார் ஜீகா.

"என்ன?"

"முழிச்சுதான் இருந்தேன். ஆரம்பிச்சுட்டான்டா, மழையில எறக்கப் போறான்னு நெனச்சு... போர்வைய இழுத்துத் தலைக்கு மேல போட்டுக்கிட்டேன்."

ராதிஷா ஒரு புல்லைப் பிடுங்கினார். பிறகு, "அந்தக் கொறட்டை பொய்யிடா," என்றார்.

மூன்று கிழவர்கள், வெட்டிய புல்லில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு வருடமாக ஒருவருக்கொருவர் தெரியாமல் தூக்கிச் சுமந்த ஒரே மூட்டை. நான் இதையெல்லாம் கிண்டலாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். இந்த இடத்தில் மட்டும் எனக்கு வராது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

க்ரீச்... ஏணியின் முதல் படி. க்ரீச். இரண்டு. மூன்று. நான்கு.

மூவரும் இங்கே புல்லில் இருக்கிறார்கள். வண்டிக்குள் யாரும் இல்லை.

பக்கக் கதவு திறந்தேதான் இருந்தது. அங்கே கீழ்ப்படி மெதுவாகத் தாழ்ந்தது... தரையைத் தொடுகிற அளவுக்கு. அப்படியே ஒரு நொடி நின்றது. பிறகு 'அப்பாடா' என்பது போல மொத்த வண்டியும் மேலே எழும்பியது. கனமான ஆள் ஒருவன் இறங்கினால் எழும்புமே, அப்படி. இடது முன்சக்கரத்து ஸ்பிரிங் இரண்டு தரம் ஆடி அடங்கியது.

புல்லில் ஒரு தடம் ஆற்றுப் பக்கமாக மடங்கிக்கொண்டே போனது. பிளம் சாராய வாசனை அவர்களைத் தாண்டிப் போனது. அப்புறம் ஒன்றும் இல்லை.

"எறங்கிட்டான்," என்றார் ராதிஷா. "எறங்கணும்னுதான் கேட்டிருக்கான்டா. ஒரு வருஷமா."

ஜீகா தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். குளிர ஆரம்பித்தது. மூவரும் முன்னாலேயே நெருக்கியடித்து ஏறினார்கள். ஒப்ராத் சாவியைத் திருகினார். வண்டி காகிதம் போல லேசாக இருந்தது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, இருட்டைப் பார்த்து...

நாற்பத்தைந்து வருடம், ஒவ்வொரு நாளும் மதுக்கடை வாசலில் பிரியும்போது சொன்ன வார்த்தை அது. நாக்கு அதை அவரிடம் கேட்டுக்கொண்டா சொல்லும்?

"சரிடா கோஸ்தா... பாக்கலாம்."

ராதிஷாவின் கை அவர் வாயை நோக்கிப் பாய்ந்தது. தாமதம்.

ஆறு கூட நின்றுவிட்டது போல இருந்தது.

பக்கக் கதவருகே படி தாழ்ந்தது. க்ரீச். க்ரீச். க்ரீச். க்ரீச். வண்டி இடது பக்கமாக மெல்லச் சாய்ந்து, உட்கார்ந்தது.

மூவரும் நேரே முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்கள். திரும்பிப் பார்க்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. ஜீகாவின் உதடு மட்டும் அசைந்தது. வழக்கமாகச் சொல்கிற அந்த டயர் கிண்டல்தான் என்று ஒப்ராத் சொல்வார். ஜீகாவோ, இல்லை, அது ஜெபம் என்பார்.

மேலே பலகையில், ஒரே ஒரு தட்டு.

டொக்.

ஒப்ராத் கிளப்பினார். இரண்டு வளைவுகள், பாலம். பாலம் தாண்டியதும், டொக், டொக், டொக். நிறுத்தினார். மூவரும் இறங்கி, கைவிளக்கைப் பிடித்து அந்தப் பெயரை உரக்கப் படித்தார்கள். கல்லுக்கு ஒரு சொட்டு ஊற்றினார்கள். ஒரு குவளையை நிரப்பி வண்டிப் படியில் வைத்தார்கள். ஏறும்போது அது காலியாக இருந்தது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம். ஒப்ராத் அந்த வண்டியை விற்கவில்லை. ரூஜாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் போய் வருகிறார்கள். அதோ, அந்த வாதுமை மரத்தடியில் விளக்கில்லாமல் நிற்கிறதே, அதுதான். பயப்படாதீர்கள், இந்நேரம் மூவரும் தூங்கியிருப்பார்கள்.

வீல் அலைன்மென்ட் மூன்று இடங்களில் பார்த்தாயிற்று, கச்சிதமாக இருக்கிறது. ஸ்பிரிங் மாற்றியாயிற்று. ஆனாலும் வருடாவருடம் இடது முன் டயர் மட்டும் தேய்ந்து கம்பி தெரிகிறது. ஒப்ராத் புது டயர் மாட்டுகிறார்.

மேல்படுக்கையில் அந்த டிரம்பெட் பெட்டியைத் தவிர வேறொன்றும் கிடையாது. இன்று மதியம் நானே ஏறி அதைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று கிலோ கூட இருக்காது.

அதற்குப் பக்கத்தில், பலகையில், யாரோ கை வைத்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.