வெளக்கு நின்ன எடம்

ராத்திரி பதினொன்னரை இருக்கும். ராசிபுரம் சந்தை முடிஞ்சு, சைக்கிள் ஹேண்டில்பாருல லாந்தரத் தொங்க விட்டுக்கிட்டு ஒத்த ஆளா வாராரு பாக்கியநாதன். நம்ம சின்னப்பராஜுக்குப் பெரியப்பா, கருவாட்டு யாவாரி. அறுவத்தி ரெண்டாம் வருசம்... டேய், கம்பளிய நீயே சுருட்டிக்காத, கேளு.

ஏரிக்கர ரோடு. ஏரின்னு பேருதான், ரெண்டு வருசமா சொட்டுத் தண்ணி கெடையாது. அந்தக் காஞ்ச ஏரிக்குள்ள இருந்து... சளக்... சர்ர்ர்... சளக்... சர்ர்ர்... முழங்கால் தண்ணியில ஒருத்தன் காலத் தூக்காம இழுத்து இழுத்து நடக்கற சத்தம்.

மனுசன் பிரேக்கப் புடிச்சு நின்னுட்டாரு. ஏன்னா, அது யாரு நடைன்னு அவருக்குத் தெரியும்.

நாலு வருசத்துக்கு முந்தி கருவாடு வாங்கக் கடக்கரைக்குப் போனவரு, நாக்கு மீன ஈட்டியால குத்திப் புடிக்கறதப் பாக்கோணும்னு ஆசப்பட்டாரு. தட்டையா இருக்கும், ரெண்டு கண்ணும் ஒரே பக்கம். கழிமுகத்துச் சேத்துல பொதைஞ்சு, கண்ண மட்டும் மேல வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கும். காலத் தூக்கி வெச்சா ஓடிரும், இழுத்துத்தான் நடக்கோணும். காத்தான்னு ஒரு மீன்காரரு ராத்திரியில ஈட்டியோட எறங்குனாரு. இவரு கையில ஒரு லாந்தரக் குடுத்துக் கரையில நிறுத்துனாரு.

"அண்ணே, நான் திரும்பி வர இந்த வெளக்குதான் வழி. ரெண்டு பக்கமும் ஆளுயரப் பள்ளம். நின்ன எடத்துலயே நில்லுங்க."

நின்னாரு. கொஞ்ச நேரந்தான். காலடியில ரெண்டு கண்ணு மினுங்குச்சு... நாக்கு மீன்! அது நகர்ந்துச்சு, இவரும் நகர்ந்தாரு. கரையோரமாவே, வெளக்கோட, நூறு அடி. பாவி மனுசன்!

சர்ர்ர்... சர்ர்ர்னு அந்த நடை நேரா இவரு வெளக்கப் பாத்தே வந்துச்சு. அப்பறம் 'பொளக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

காத்தான் பொஞ்சாதி ஆத்தாயி வந்து கேட்டப்ப, "நான் நகரவே இல்லீங்க, அவருதான் குடிச்சிருந்தாரு"ன்னு சொல்லிப்போட்டாரு. குடியே தொடாத ஆளு காத்தான்! அந்தப் பழியோடயே பொதைச்சாங்க. அன்னையில இருந்து, கோயில்ல சாமியாருகிட்டப் பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துலகூட இத மட்டும் முழுங்கிருவாரு பாக்கியநாதன். முழுங்குனது நெஞ்சுலயே நின்னுச்சு.

இப்ப ஏரிக்குள்ள சத்தம் நின்னுச்சு. உப்புச் சேத்து நாத்தம் குப்புன்னு அடிச்சுது.

"அண்ணே... வெளக்கு..."

நாந்தான் நகர்ந்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. லாந்தரப் ப்பூன்னு ஊதி அணைச்சுப்போட்டு மிதிச்சாரு பாருங்க, ஒரு மிதி!

ஏரியத் தாண்டுனா ஊடு. உள்ள பாஞ்சு, "கதவச் சாத்து"ன்னு கத்துனாரு. சம்சாரம் செல்வமேரி சிம்னி வெளக்கோட வாசப்படியில நின்னு இருட்டையே பாக்கறா.

"ஏனுங்க, உங்க பின்னால யாரோ தடம் தெரியாமத் தடுமாறி வாராங்க. பாவம்..."

இவரு புடுங்கறதுக்குள்ள வெளக்கத் தூக்கிப் புடிச்சுட்டா.

"நேரா வாங்க சாமி! நான் நின்ன எடத்துலயே நிக்கறேன்."

சளக்... சர்ர்ர்... இந்தத் தடவ கோணாம வந்துச்சு. வாசப்படிகிட்ட நின்னுச்சு. யாரையும் காணோமேன்னு செல்வமேரி கதவச் சாத்திப்போட்டுப் படுத்துட்டா. அவரு போர்வைய இழுத்து மூடிக்கிட்டாரு.

விடிஞ்சு பாத்தா, ஏரியில இருந்து வாசல் வரைக்கும் ஈரமா ரெண்டு கோடு, உப்புப் பூத்துக் கெடக்குது. சாத்துன கதவுக்கு உள்பக்கமும் அதே கோடு... பாக்கியநாதன் கட்டிலுக்கடியில போய் முடியுது.

திரும்பிப் போன கோடு இல்ல.