ஓரம் மடித்துத் தைத்த ஒல்லாந்துக் கொடி

தார்ப்பாய்த் தொழிற்சாலைத் தையற்கூடத்தின் தலைமகளே! ஊசிமுனையில் ஊர் வரலாறு உரைத்தவரே! பழவேற்காடு பெற்றெடுத்து, கும்மிடிப்பூண்டி பெருமை கொள்ளும் எங்கள் ஆரோக்கியமேரி அம்மையீர்! இருபத்திரண்டு ஆண்டுப் பணி முடித்து நீங்கள் விடைபெறும் இந்த 2007 மே முப்பத்தொன்றில், எழுந்து நின்று வணங்குகிறோம்!

நம் தொழிற்சாலை வாயிலில் மூன்று கம்பங்கள். முதலாவதில் நாட்டின் கொடி. அது கதர்க்கடையிலிருந்து வரும், அதற்குள் பூ வைத்து முடிந்தவை உங்கள் கைகள். அடுத்ததில் நிறுவனக் கொடி. மூன்று முறை முதலாளி மாறினார், மூன்று கொடியையும் தைத்தவர் நீங்கள். கடைசிக் கம்பம் விருந்தினருக்கு. எந்த நாட்டார் வந்தாலும் அவர் கொடி உங்கள் மடியில்தான் பிறந்தது. ஆனால் 2004 வரை பதிவேட்டில் நீங்கள் 'ஹெல்பர்'. பத்தொன்பது ஆண்டும் ஹெல்பர்! உங்களோடு தைத்த பதினோரு பெண்களும் ஹெல்பர்! தைக்கிறவரை டெய்லர் என்று எழுத இங்கே ஒருவருக்கும் கை வரவில்லை.

தைத்துக்கொண்டே நீங்கள் சொன்ன பழவேற்காட்டு வரலாற்றைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லவில்லை: "போர்த்துக்கீசியன் வந்து கொடி நட்டான். ஒல்லாந்துக்காரன் அவனத் தொரத்திட்டுக் கோட்ட கட்டினான். வெள்ளக்காரன் அதையும் இடிச்சான். நாப்பத்தேழுல நம்மளுது ஏறிச்சி. எவன் கொடியா இருந்தா இன்னா? ஓரம் மடிச்சித் தைக்கலன்னா காத்து கிழிச்சிடும்."

2004இல் ஒல்லாந்திலிருந்து, அதாவது நெதர்லாந்திலிருந்து, விருந்தினர் வந்த நாளை இங்கே படித்தே ஆக வேண்டும். மேடையில் அமர்ந்திருக்கும் முன்னாள் மேலாளர் துளசிராமன் அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்; நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

"இன்னாம்மா, பட்டைய படுக்க வெச்சித் தச்சிருக்கே? நிக்கணும்!" என்றார் அவர், முந்தின நாள்.

"ரெண்டும் அதே செவப்பு, வெள்ள, நீலந்தான். நிக்க வெச்சா அது பிரெஞ்சுக்காரன் கொடி சார். வரவன் ஒல்லாந்துக்காரன்."

"ஹெல்பர் எனக்குப் பாடம் நடத்துறியா?"

வரலாறு படித்த பட்டதாரி, இங்கே தரம் பார்க்கும் நானும் அவர் பக்கமே தலையாட்டினேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது. வெளியில் தைத்து வாங்கிய கொடி மறுநாள் கம்பத்தில் ஏறியது.

விருந்தினர் முதலில் பழவேற்காட்டில் தம் முன்னோர் கல்லறைகளைப் பார்க்கப் போனார்கள். அங்கிருந்து கார் ஓட்டுநர் அந்தோணி தொலைபேசியில் கத்தினார்: "சார், இவுங்க கல்லறையில சின்னக் கொடி வெச்சிக்கினு கும்புடறாங்க. அதுல பட்ட படுத்துக்கினு கீது, நம்ப கேட்டுல நின்னுக்கினு கீது!"

மேலாளர் தையற்கூடத்துக்கு ஓடிவந்தார். "மேரி, உன் கொடி எங்க?"

கொடி உங்கள் மடியில் இருந்தது. அதன்மேல் உங்கள் இரு கைகளும் இருந்தன. "இங்கதான் கீது சார். ஆனா ஹெல்பருக்குக் கொடி தைக்கத் தெரியாதே! ரிஜிஸ்டர எடுத்தாரச் சொல்லுங்க. டெய்லர்னு எழுதுங்க. அப்பறம் ஏத்துங்க."

"கார் வந்துகினு கீதும்மா!"

"அப்ப சீக்கிரம் எழுதுங்க."

எழுதினார்! உங்கள் பெயரோடு விடுவீர்கள் என்று நினைத்தார். நீங்களோ பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள், அவர் ஒவ்வொன்றாக எழுதினார். பன்னிரண்டாவது கையெழுத்துக்குப் பிறகுதான் கையை எடுத்தீர்கள். கார் வாயிலுக்குள் திரும்பியபோது உங்கள் கொடி உச்சியில் விரிந்தது. எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கிய இந்தக் கரையில், எங்களுக்காக ஏறிய முதல் கொடி அதுதான் தாயே!

காற்றுக்குக் கிழியாத உங்கள் தையல்போல் உங்கள் உடல்நலம் உறுதியாக நிற்கட்டும். கண்ணாடி போடாமலே ஊசி கோக்கும் அந்தக் கண்கள் நூறாண்டு ஒளிரட்டும்!

இப்போது வாயிலுக்கு வாருங்கள். விருந்தினர் கம்பத்தில் நாங்கள் தைத்த புதுக் கொடி முடிந்து கிடக்கிறது. எந்த நாட்டுடையதும் அல்ல; எந்த முதலாளியுடையதும் அல்ல. பட்டை படுக்கணுமா நிற்கணுமா என்று யாரையும் கேட்கவில்லை. ஓரம் மடித்திருக்கிறோம். கயிற்றை நீங்கள் இழுங்கள்.

என்றும் உங்கள்,
பதினோரு டெய்லர்கள்
மற்றும் உங்களிடம் வரலாறு கற்ற ஸ்நேகா, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு