இன்னும் திரும்பாத ஒன்று

— பத்து நிமிஷம்மா. அதுக்கு மேல எங்கிட்ட யாரும் தாக்குப்பிடிச்சதில்ல. நீங்க இப்ப இருபதாவது நிமிஷத்துல இருக்கீங்க.

— மன்னிச்சுக்கோங்க சார். உங்க கணக்கைக் கெடுத்துட்டேன்.

— கிண்டலா? உட்கார்ந்திருக்கிறது போலீஸ் ஸ்டேஷன், ஞாபகம் இருக்கட்டும். கடையில திருடினதா உங்க மேல புகார். தலைமுடிச் சாயம், ஒரு டப்பா. காவலாளி கையும் களவுமா பிடிச்சிருக்கான். எதுக்கு எடுத்தீங்க?

— எடுக்கல சார். என் தலையைப் பாருங்க, பஞ்சா வெளுத்துக் கிடக்கு. இதுக்குப் போய் நான் சாயம் திருடுவேனா?

— எங்கிட்டயேவா? கேமரால எல்லாம் பதிவாயிருக்கு. கை பைக்குள்ள இருக்கு, டப்பா கையில இருக்கு.

— கை எந்தப் பக்கமா போகுது சார்? பைக்குள்ளயா, பையிலேர்ந்து வெளியவா?

— அது... கொஞ்சம் இருங்க. இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்.

— நிதானமா பாருங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல.

— அட! டப்பா பையிலேர்ந்து வெளிய வந்து அலமாரிக்குப் போகுது. ஏம்மா, கடைக்குச் சாமான் கொண்டு போய் வைக்கிற திருடியை என் சர்வீஸ்ல இப்பதான் பார்க்கிறேன்.

— வந்ததுலேர்ந்து அதைத்தான் சார் சொல்றேன். நீங்க உங்க கேள்வியையே கேட்டுட்டிருந்தீங்க.

— சரி, அது மொதல்ல கடையை விட்டு எப்படி வெளிய வந்துச்சு? நீங்க என்ன வேலை பார்த்தீங்க?

— நூலகத்துல முப்பத்தாறு வருஷம். திரும்பி வர்ற புத்தகத்தை எடுத்த இடத்துலயே கொண்டு போய் வைக்கிற வேலை. ஓய்வு வாங்கியும் கை சும்மா இருக்க மாட்டேங்குது.

— அப்போ எடுக்கிறது வேற ஆள். வைக்கிறது நீங்க. யாரது?

— பேரை மட்டும் கேட்காதீங்க சார்.

— கேட்கிறதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம். இதோ, பேனாவைத் திறந்துட்டேன். இதைத் திறந்தா வாக்குமூலம் வாங்காம மூடினதா சரித்திரமே இல்ல.

— அழகான பேனா சார்.

— பதவி உயர்வு வந்தப்ப அம்மா குடுத்தது. யாரையும் தொட விட மாட்டேன். பேச்சை மாத்தாதீங்க. உங்க கூட்டாளி பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாச்சு.

— இருக்காதே சார். இந்நேரம் அவங்க பல் ஆஸ்பத்திரில வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. மூணு நாளா வலி.

— ம்ம். அப்படின்னா கூட்டாளின்னு ஒருத்தங்க இருக்காங்க. மாட்டிக்கிட்டீங்களா?

— கூட்டாளியெல்லாம் இல்ல. பூங்காவுல பழக்கமான அக்கா. தினம் காலைல சேர்ந்து நடப்போம். ஒரு நாள் பெஞ்சுல உட்கார்ந்து, பையிலேர்ந்து ரெண்டு பேட்டரி, ஒரு நகவெட்டி, குழந்தைக்குப் போடுற சோப்புன்னு எடுத்து வச்சு அழுதாங்க. அவங்க வீட்ல குழந்தையே கிடையாது.

— தேவையே இல்லாம எதுக்குத் திருடணும்?

— நானும் கேட்டேன். கடையை விட்டு வெளிய வர்றப்போ நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமாம். உசுரோட இருக்கோம்னு அப்பதான் தெரியுதாம். வீட்ல ஒரே பையன். பெரிய உத்தியோகம். வருவார், சாப்பிடுவார், தூங்குவார். அம்மாவுக்குப் பல்வலின்னுகூட அவருக்குத் தெரியாது.

— என்ன பிள்ளைம்மா அவன்? என் கையில கிடைக்கட்டும்.

— நீங்க சொன்னா கேட்பார் சார்.

— ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. பேரைச் சொன்னா நீங்க வீட்டுக்குப் போகலாம். சொல்லலைன்னா வழக்கு உங்க மேலதான். இந்த வயசுல கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா?

— பயமாத்தான் இருக்கு. ஆனா அவங்க பையனுக்குத் தெரிஞ்சா அந்த அக்கா கூனிக்குறுகிப் போயிடுவாங்க. அதுக்கு நானே கோர்ட்டுல நிக்கலாம்.

— கஷ்டமா போச்சே. அந்தப் பையன் இடத்துல நான் இருந்தா எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேம்மா. பக்கத்துல போய் உட்கார்ந்து, கையைப் பிடிச்சு, "சாப்பிட்டியாம்மா"ன்னு கேட்பேன். அவ்வளவுதான்.

— நிஜமாவா சார்? திட்ட மாட்டீங்களே?

— எதுக்குத் திட்டணும்? பெத்தவங்க இல்லையா?

— அந்தக் கடையில எடுத்தீங்க, இந்தக் கடையில எடுத்தீங்கன்னு குத்திக் காட்ட மாட்டீங்களே?

— என் தொப்பி மேல சத்தியம். என்னம்மா இது, நான் விசாரிக்கிறேனா, நீங்க விசாரிக்கிறீங்களா?

— முடிஞ்சுபோச்சு சார். இந்தாங்க நோட்டு. பழைய பழக்கம், எடுத்த தேதி, வச்ச தேதி எல்லாம் வரிசையா இருக்கும்.

— பேட்டரி ரெண்டு, வச்சாச்சு. நகவெட்டி, வச்சாச்சு. சோப்பு, வச்சாச்சு. சாயம், இன்னிக்குத் தேதி. நடுவுல ஒண்ணுக்கு மட்டும் வச்ச தேதி காலியா இருக்கே. நீல நிறப் பேனா, தங்க நிறக் கிளிப். எடுத்தது போன மாசம் பன்னிரண்டு. ஏன் திருப்பி வைக்கல?

— அதை மட்டும் பையனுக்குக் குடுத்துட்டாங்களாம். ஏதோ பதவி உயர்வாம். ரொம்ப ஆசையா வச்சிருக்காராம், திருப்பிக் கேட்க மனசு வரலையாம்.

— நீலம், தங்கக் கிளிப்... ஏம்மா, இது என் கையில இருக்கிற பேனா இல்ல?

— மூடியைப் போட்டு இப்படிக் குடுங்க தம்பி. புது ரீஃபில்கூட வாங்கி வச்சிருக்கேன், கடை சாத்துறதுக்குள்ள வச்சுட்டு வந்துடறேன். நீங்க பல் ஆஸ்பத்திரிக்குப் போங்க.