செவுத்துக்கு அடில ஒரு ஓட்டை

இல்ல சார், நீ உக்காரு. எனக்கு உக்காந்தா ஆவாது. மழை பேஞ்சிகினு இருக்கசொல்ல ஒரு எடத்துல இருப்பு கொள்ளாது, அது என் வியாதி. செக்யூரிட்டி கூட ரெண்டு தபா சொல்லிட்டான், பெரியவரே ஒரு ஓரமா நில்லுன்னு. எங்க நிக்கறது? அதோ ஜன்னல்ல பாரு, கார் நிறுத்தற எடத்துல தண்ணி ரொம்பிகினு கீது. இம்மாம் பெரிய ஆஸ்பத்திரி கட்டிக்கிறாங்க, தரைக்கு சரிவு, வாட்டம் பாக்கல. தண்ணி ரோட்டுக்குப் போவணும், இவங்க வாசலுக்கு வெத்தல பாக்கு வச்சி கூப்டுறாங்க.

எனக்கா? எங்க அண்ணன் சார், மூணாவது மாடி. முருகையன்னு பேரு. காலு ஆப்ரேசன், நாளிக்கு காலைல. பாஸு கீது, இதோ சட்டைப் பையிலதான் கீது. ஆறு மணி வரிக்கும் உடுவாங்களாம். போவணும். முந்தாநேத்து வந்தேன், நேத்தும் வந்தேன். இந்த பெஞ்சு வரிக்கும் வந்துட்டு திரும்ப பஸ் ஏறி போய்ட்டேன். பதினோரு வருசமா பேச்சுவார்த்த இல்ல சார். திடீர்னு போய் முன்னால நின்னு இன்னான்னு ஆரம்பிக்கறது, சொல்லு.

நமக்கு மந்தவெளி. எங்க நைனா கட்டின வூடு. நைனா போனப்பறம் சீட்டு குலுக்கிப் போட்டோம். ரோட்டு பக்கம் அண்ணனுக்கு உழுந்திச்சி, பின்கட்டு எனக்கு. அதுல ஒண்ணும் சண்டை இல்ல. அம்மா காரியம் முடிஞ்ச ரெண்டாவது வாரம் நா டூட்டிக்குப் போய்ட்டு வரேன், நட்டநடுவுல செவுரு ஏறிகினு கீது. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்தாளு அப்டித்தான், எதையும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நா கோவக்காரன். தெருவே கூடிப்போச்சி. நீ செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு கத்திட்டேன். கூடப்பொறந்தவன சொல்ற வார்த்தையா அது? வந்துட்ச்சி சார், வாயில இருந்து. அள்ளி உள்ள போட்டுக்க முடியுமா?

அந்த செவுத்துக்கு அடில ஒரு ஓட்டை உட்டாரு. மேஸ்திரி கேட்டானாம், இத்தயும் பூசிடட்டான்னு. வேணாம்னு தலையாட்டினாராம். ஏன்னா என் வூட்டு மழைத்தண்ணி அந்த வழியாத்தான் போயாவணும். மொட்டைமாடித் தண்ணி, பின்கட்டுத் தண்ணி அல்லாம் அந்த ஓட்டைல பூந்து அவரு பக்கம் எறங்கும். அங்க ஒரு சேம்பரு, தொடை ஆழத்துக்கு தொட்டி. மண்ணு, சருகு அல்லாம் அதுல தங்கிடும், தண்ணி மட்டும் ரோட்டு கால்வாய்க்குப் போவும். நா அப்போ இன்னா நெனச்சேன்னா, ஓட்டைய அடைச்சா நா கோர்ட்டுக்கு இழுப்பேன்னு பயந்துகினு உட்டுக்கிறாருன்னு.

இரு சார், வூட்ல இருந்து போனு. ஆங், சொல்லு. எது, தண்ணி ரெண்டாவது படி வரிக்குமா? மோட்டர்ல கை வெக்காத, வாளியால மொண்டு ஊத்து. இன்னும் பாக்கல. போறேன்னு சொல்றேன்ல. வையி.

பாத்தியா, ரெண்டாவது படி ஏறிட்ச்சி. பதினோரு வருசத்துல இது மொத தபா. எத்தினி மழை பாத்துட்டோம்? வேளச்சேரி ரோட்ல படகு ஓடிச்சி, எங்க சந்துலயே முட்டித் தண்ணி. என் பின்கட்டுல மட்டும் மழை உட்ட பத்தாவது நிமிசம் தரை தெரியும். பஸ் டிப்போல முப்பத்திமூணு வருசம் ஃபிட்டரு சார் நானு. தரைக்கு வாட்டம் நானே புடிச்சேன். ஒரு கோலிகுண்டு வச்சா அதுவா உருண்டு போய் ஓட்டை வாசல்ல நிக்கும். மாடி பைப்பு வாய்க்கு வலை கட்டுவேன், ஆடி பொறந்தா சருகு வாருவேன். அடுத்த வூட்டு வஹீத் பாய் வந்து பாத்துட்டு, கபாலி, நீ இஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்ப்பான்னாரு. டீக்கடைல அத்த சொல்லாத நாளு கெடையாது.

ஒரே தொல்லை பெருச்சாளி. ரோட்டு கால்வாய்ல இருந்து ஏறி, சேம்பருக்கு வந்து, அந்த ஓட்டை வழியா என் பக்கம் வந்துடும். பூனையே அத்தக் கண்டா ஒதுங்கும். அதுக்கும் ஹார்டுவேர் கடைக்காரரு ஒரு யோசனை சொன்னாரு. ஒரு கோணிய ரொப்பிக் கட்டி ஓட்டைல சொருவிட்டேன். தண்ணி போவும், பெருச்சாளி வராது. வேலை பாத்திச்சி. நாலு மாசம் ஒண்ணும் வரல.

கைலயா? ஒண்ணும் இல்ல சார், சும்மா எதுனா உருட்டிகினு இருப்பேன்.

போன வாரம் செவ்வாக்கெழம பேஞ்சிச்சே ஒரு மழை, அன்னிக்கு தண்ணி நின்னுட்ச்சி. கோணிய உருவிப் பாத்தேன். அடி நைஞ்சி பிரிஞ்சி, காலியா கீது. ஓட்டை தொறந்துதான் கீது, ஆனா தண்ணி எறங்க மாட்டேங்குது. அப்போ அடைப்பு அந்தப் பக்கம். எனக்கு வந்திச்சே கோவம். வேணும்னே அடைச்சிட்டான், வயசாவ ஆவ புத்தி இப்டிப் போவுதுன்னு செவுத்தப் பாத்து கத்தினேன். கார்ப்பரேசனுக்கு போனப் போட்டு, அண்ணன் பேரு, கதவு நம்பரு அல்லாம் சொல்லி புகார் குடுத்தேன். நாந்தான் சார் குடுத்தேன்.

மறுநாளு ரெண்டு பேரு வந்தாங்க. அண்ணி கதவத் தொறந்தாங்க. நா வாசப்படிக்கு வெளிய, ரோட்லயே நிக்கறேன், சபதம் பண்ணவன் இல்லையா. சேம்பர் மூடியத் தூக்கினா பாதி மண்ணு எடுத்திருக்கு, பாதி அப்டியே கீது. ஒரு வாளி உள்ளயே கெடக்குது. யாரும்மா பாதில உட்டதுன்னு கேட்டாங்க. அண்ணி எங்கிட்ட சொல்ற மாதிரியும் சொல்லல, அவங்ககிட்ட சொல்ற மாதிரியும் சொல்லல. வருசா வருசம் ஆவணில அவரேதான் எறங்கி எடுப்பாரு, ஞாயித்துக்கெழம கபாலி மீன் வாங்கப் போற நேரமா பாத்து எறங்குவாரு, அவன் திரும்பறதுக்குள்ள மூடிடுவாரு, அவன் பாத்தா சங்கடப்படுவான்னு. இந்த தபா எறங்கசொல்ல கால்ல ஏதோ குத்திட்ச்சி. சக்கர வியாதி, காலு மரத்துப்போன காலு, அவருக்குத் தெரியவே இல்ல. வூட்டுக்குள்ள நடக்க நடக்க தரைல ரத்தம் இருந்திச்சி, அத்தப் பாத்துட்டு நாந்தான் அவருக்கே சொன்னேன்னாங்க. இப்போ ஆஸ்பத்திரில கீறாருன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. எம்மேல ஒரு கோவம் இல்ல. திட்டி இருந்தா தேவல.

பதினோரு வருசம் சார். என் வாட்டம், என் வலை, என் கோலிகுண்டு. மண்ணாங்கட்டி. அந்தாளு குனிஞ்சி வாரிப் போட்ட மண்ணு மேல நின்னுகினு நா டீக்கடைல பெருமை பேசிகினு இருந்திருக்கேன்.

வந்தவங்க, இது வூட்டுக்குள்ள இருக்கறது, எங்க வேலை ரோட்டோட சரின்னு போய்ட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் அண்ணிய கேட்டுகினு நானே உள்ள போய் எறங்கினேன். ஆமா, வாசப்படி மிதிச்சிட்டேன். எங்கண்ணன் இல்லாத வூட்ல மிதிச்சேன். ரெண்டு வாளி எடுத்திருப்பேன். அப்பாலிக்கா என்னால முடில, ஏறி வந்துட்டேன். மீதி மண்ணு அப்டியே கெடக்குது. அதான் இப்போ ரெண்டாவது படி.

காலா? முட்டிக்குக் கீழ எடுக்கறாங்க சார். கருத்துப் போச்சாம். நாளிக்கு காலைல ஏழு மணிக்கு.

இந்த பாஸு அண்ணி இன்னிக்கு காலைல குடுத்தது. அவருதான் என்னைய வரச்சொல்லி கேட்டாராம். அது மட்டும் இல்ல, சேதியும் சொல்லி அனுப்பிக்கிறாரு. வாயே தொறக்காத மனுசன் பதினோரு வருசம் கழிச்சி எனக்கு சொல்லி அனுப்பின மொத வார்த்த இன்னா தெரியுமா? பாதிதான் எடுத்தேன், மீதி மண்ண கபாலிய எடுத்துட சொல்லு, பெரிய மழை வரதுக்குள்ள. உள்ள ஏதோ கண்ணாடி கெடக்குது, செருப்பு போட்டுகினு எறங்கச் சொல்லு.

கண்ணாடி இல்ல சார், டைல்ஸு. இதோ பாரு, இதான், நா எறங்கசொல்ல கைல வந்திச்சி. இந்த வைகாசில எங்க பாத்ரூம்ல ஒட்டினோம், வூட்ல நீலக் கலருதான் வேணும்னு அடம் புடிச்சாங்க. வெட்டினது போக மிச்சம் இருந்த துண்ட அல்லாம் கோணில ரொப்பித்தான் பெருச்சாளிக்கு சொருவினேன். கோணி நைஞ்சதும் மொத்தமும் அந்தப் பக்கம் எறங்கிட்ச்சி. யாருக்கும் தெரியாது. அண்ணிக்குத் தெரியாது, என் பொண்டாட்டிக்குத் தெரியாது. உனக்குத்தான் சொல்றேன்.

மணி இன்னா சார்? அஞ்சே முக்காலா? போவணும். இன்னிக்குப் போய்டுவேன், லிஃப்ட்டு அந்தப் பக்கம்தான? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு சார். இத்த இந்தக் குப்பைக்கூடைல போட்டுட்டு மேல போவட்டா, இல்ல கையோட எடுத்துகினு போவட்டா?