வாசலில் நின்ற தூது

தலைமை தாங்கும் நூலகர் ஆதிலட்சுமி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அகராதிக் குழு நண்பர்களே, முன் வரிசையில் கண் கலங்கி அமர்ந்திருக்கும் ராஜமாணிக்கத்தின் துணைவியார் ஜோதியம்மாள் அவர்களே, அவர் மகள் எழிலரசி அவர்களே, வேங்கிக்காலில் அலுவலகம் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் ஆட்சியர் அலுவலகத் தோழர்களே! வணக்கம்.

தண்டாயுதபாணி பேசுவான் என்று நோட்டீசில் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் முகம் சுளித்திருப்பீர்கள். சுளிக்க வேண்டியதுதான். நம் சொற்செம்மல் ராஜமாணிக்கம் அவர்களோடு நான் பதினான்கு மாதம் பேசவில்லை. அவர் மகளை என் வீட்டு வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினேன். அதைச் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன். காரணம் ஒரு ஆங்கிலச் சொல். வெள்ளைக்காரனே மறந்துவிட்ட சொல்! முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். சுருக்கமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989-ல் நம் மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவர் ராஜமாணிக்கம். பழைய கோப்புகளின் நகல்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. கம்பெனி காலத்து ஆங்கிலம். படித்துப் பொருள் சொல்ல ஆளில்லை. நமக்கென்ன என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போனாரா? புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டை போட்டார். அந்த அட்டைகளை ஒரு ஷூ டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். "புரொபசர், இங்கிலீஷ நீங்க பாருங்க, தமிழ நான் பாக்குறேன்" என்றார். நம் பழஞ்சொல் அகராதிக் குழு அன்றைக்குப் பிறந்ததுதான்.

அந்த அட்டைகளில் ஒன்று 'எம்பசேஜ்'. இன்று டிப்ளமசி என்கிறோமே, அந்த வேலைக்கு நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய சொல். ஒரு அரசன் இன்னொரு அரசனுக்கு அனுப்பும் செய்தியும் எம்பசேஜ். அதைச் சுமந்து போகும் ஆட்களும் எம்பசேஜ். அவர்கள் போகிற காரியமும் எம்பசேஜ்தான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் லத்தீன். அதற்கும் பின்னால் பழைய கெல்டிக் மொழியில் ஏவலாளைக் குறிக்கும் ஒரு சொல். சுற்றி வருகிறவன் என்பது அதன் அடிப்பொருள் என்கிறார்கள் அறிஞர்கள். இதை நான் படித்துக் காட்டிய அன்று ராஜமாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தார். "சுத்தி வர்றவனா? நம்மூர்ல பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் கீறாங்களே புரொபசர்!" என்றார்.

பிறகு அந்தச் சொல் என்ன ஆயிற்று? மெல்ல வழக்கொழிந்தது. அதன் உறவுக்காரச் சொல் எம்பசி மட்டும் பிழைத்துக்கொண்டது. அதைக் கேட்டால் இன்று நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு கட்டடமும் விசா வரிசையும். டிப்ளமசியோ, மடித்த காகிதம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பின்னால் வந்தது. 'காகிதம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, நடந்துபோன ஆளைக் காணோம்' என்று அட்டையின் ஓரத்தில் ராஜமாணிக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

அவரே நடந்துபோன ஆள்தான். அதோ, கடைசி வரிசையில் கன்னியம்மாள் நிற்கிறார். ரமணாசிரமம் பக்கம் மாடு வைத்திருப்பவர். ஆறு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஜெர்மன் பெண்மணி, இவர் மாடு ஓட்டும் வழியில் வேலி போட்டுவிட்டார். இருவரும் நேருக்கு நேர் நிற்க மாட்டேன் என்றார்கள். ராஜமாணிக்கம் லீவு போட்டுவிட்டுப் போய், முப்பதடி தூரத்தை ஒரே நாளில் ஏழு தடவை நடந்தார்.

"இன்னா சார் சொல்லுது அது?"

"உங்க மாடு அவங்க தியானத்தக் கெடுக்குதாம்மா."

"அது பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இங்க மாடு ஓட்டுனவள்னு சொல்லு. அதுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குன்னும் சொல்லு. ஒரு வார்த்த கம்மி பண்ணாத சார்!"

நானாயிருந்தால் பைத்தியத்தை விழுங்கியிருப்பேன். அவர் விழுங்கவில்லை. அப்படியே சொன்னார். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். ஊரில் தன் அக்காளும் இதையேதான் சொல்கிறாள் என்றார். அதையும் கொண்டுவந்து கன்னியம்மாளிடம் சொன்னார் ராஜமாணிக்கம். "அக்கா கீறாளா அதுக்கு?" என்று கேட்டார் கன்னியம்மாள். பொழுது சாய்வதற்குள் வேலியில் ஒரு கேட் வந்துவிட்டது. ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. கொடுத்த சொல்லைக் கொடுத்தபடி கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவருக்குத் தெரிந்த டிப்ளமசி அவ்வளவுதான்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன். அகராதியின் முதல் தொகுதி அச்சுக்குப் போனது. எம்பசேஜ் அட்டையை மட்டும் அவர் இரண்டு வருடமாகக் கையை விட்டுக் கொடுக்கவில்லை. இன்னும் சரியாக வரவில்லை என்றார். அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள். அவரைக் கேட்காமல் நானே அங்கே உட்கார்ந்து 'ராஜதந்திரம்' என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புத்தகம் வந்த அன்று மாலை கோப்பு நகல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஜவ்வாது மலையிலிருந்து எட்டுப் பேர், மேய்ச்சல் காட்டை மூடாதீர்கள் என்று கேட்க மூன்று நாள் நடந்து வந்து நின்றதை ஒரு துரை எழுதிய கடிதம். அந்த எட்டுப் பேரைத்தான் அவன் எம்பசேஜ் என்று எழுதியிருந்தான்.

"வெறுங்காலோட வந்தவங்க புரொபசர். இதுல ராஜா எங்க, தந்திரம் எங்க? நம்ம புத்தகத்த வெச்சுப் படிச்சா இவங்க சூழ்ச்சி பண்ண வந்தவங்கன்னு ஆயிடாதா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்புதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "இங்கிலீஷ் எம்.ஏ. நீங்களா, நானா?" என்றேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு வேலையில் சேர்ந்து, சொந்தமாகப் படித்து மேலே வந்த மனிதரைப் பார்த்துக் கேட்டேன்! அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் நான் பேப்பர் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சென்ற ஐப்பசியில் நல்ல மழை. எழிலரசி குடையோடு என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "மாமா, அப்பா ஒரு சேதி சொல்லி அனுப்பிச்சாரு" என்றாள். "சேதி இருந்தா அவரே வரட்டும். பொண்ண அனுப்புறது இன்னா பழக்கம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். பத்தொன்பதாம் நாள் ராஜமாணிக்கம் இறந்துவிட்டார்.

எடுப்பதற்கு முன் வீட்டுக்குப் போனேன். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. "அந்தச் சேதி இன்னாம்மா?" என்று எழிலரசியிடம் கேட்டேன். அவள் அழவில்லை. அப்பாவின் பெண் அல்லவா! கொடுத்ததைக் கொடுத்தபடி சொன்னாள்.

"'நீங்க போட்ட வார்த்த தப்பு. ஆனா என் அட்டையும் இன்னும் முடியல. ரெண்டு பேரும் உக்காந்தா முடிச்சிடலாம். எனக்குக் கால் வரல புரொபசர், நீங்க வாங்க.' அவ்ளோதான் மாமா சொன்னாரு."

ஐயோ! கால் வரவில்லை என்று சொல்லி அனுப்பிய மனிதரை நடந்து வரச் சொன்னேனே! பாவி நான். ஒரு நிமிடம் வாசலில் நின்று கேட்டிருந்தால் போதுமே.

அன்பர்களே, இரண்டாம் தொகுதியை நம் குழு முடிக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்று நான் எடுக்கும் உறுதி முதல் தொகுதியைப் பற்றியது. இருநூற்று நாற்பது பிரதிகள் வெளியே போயிருக்கின்றன. யார் யாரிடம் இருக்கின்றன என்ற பட்டியல் ராஜமாணிக்கத்தின் கையெழுத்திலேயே இருக்கிறது. திருத்தச் சீட்டு ஒன்றை அச்சடித்துத் தபாலில் அனுப்பினால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். வேண்டாம். மடித்த காகிதம் வேண்டாம். நானே வருகிறேன். என் தப்பை என் கையால் அடித்துவிட்டு, அட்டையில் அவர் எழுதியதை எழுதுகிறேன்: 'தூது. செய்தியும், அதைச் சுமந்து வருவோரும், அவர்கள் வந்த காரியமும்.' அட்டை முடியவில்லை என்றுதான் சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் சேர்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாளைக் காலை வேங்கிக்காலில் ஆரம்பிக்கிறேன். ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிரதி வரைக்கும் போவேன். எனக்கு அறுபத்தேழு வயது, மெதுவாகத்தான் வருவேன். உங்கள் வீட்டு வாசலில் பேனாவோடு ஒரு கிழவன் வந்து நின்றால், தயவுசெய்து கதவைத் திறந்து விடுங்கள்.