எந்த எஞ்சினை அறுக்க?

— மெதுவாப் பேசுங்க ராபர்ட்டண்ணே, சன்னல் தொறந்து கெடக்கு. கை விழுந்தாலும் எங்க வீட்டுக்காரவியளுக்குக் காது நல்லாக் கேக்கும்.

— என்னம்மா மாதவி, வாசல்லயே மறிச்சுட்ட? அந்த ரெண்டு பித்தளைப் பொம்மை ரயில் எஞ்சினையும் வந்து எடுத்துட்டுப் போன்னு மதுதான் போன்ல சொன்னான். ராஜபாளையத்துலருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வாரேன். பாரு, பை கூட கொண்டாந்திருக்கேன்.

— அதுக்குத்தான் மறிச்சேன். எடுத்துட்டுப் போயிராதிய.

— ஏன் தங்கச்சி?

— வாட்சைக் கழட்டி எதுத்த வீட்டு பாண்டிதுரைக்குக் குடுத்துட்டாவ. கடைசல் மெசினையும் அரம் அம்புட்டையும் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைங்க வேன் கொண்டாந்து ஏத்திட்டுப் போயிட்டாங்க. நேத்து என்னைய உக்கார வச்சு, பென்ஷன் பேப்பர் இங்க இருக்கு, கேஸ் புக்கு இங்க இருக்குன்னு காட்டுதாவ. எதுக்குன்னு கேட்டேன். தெரிஞ்சு வச்சுக்கோ, அம்புட்டுதான்னாவ.

— ஆண்டவரே.

— வாதம் வந்து வலக்கை விழுந்தப்போ அழுதாவ. சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சாவ. என்னையும் ஏசுனாவ. அப்பல்லாம் நான் பயப்படலண்ணே. இப்ப கொஞ்ச நாளாச் சிரிச்ச மொகமா இருக்காவ. அதைப் பாத்துத்தான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கேன்.

— டாக்டர்ட்ட சொன்னியா?

— மதுரைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். திங்கக்கெழமை கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் தனியா விடாதீங்கன்னாங்க. திங்கக்கெழமை வரைக்கும் இவிய இருக்கணும்லாண்ணே! மேசை டிராயரை வேற பூட்டி, சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டாவ. உள்ள என்னன்னா, பழைய அரம்ங்காவ.

— நான் என்னத்தம்மா பேச? எனக்குப் பேசவா தெரியும்? அவன் சின்னதா ரயில் எஞ்சின் செய்வான், நான் அதுக்குப் பக்கத்துல பஞ்சுல மரம் செஞ்சு ஒட்டுவேன். மில்லுல வேலை பாத்த காலத்துலருந்து எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் பேச்சே.

— பேச வேண்டாம். எடுத்துட்டு மட்டும் போயிராதிய. உங்க காலைப் புடிச்சுக்கிடுதேன்.

— ஏட்டி, யாரு வாசல்ல?

— நாந்தாம்லே, ராபர்ட்டு!

— வாலே, வா. பை கொண்டாந்தியா? ரெண்டும் மேசை மேல இருக்கு. பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். இடக்கையால சுத்துனது, கோணலாத்தான் இருக்கும்.

— வந்ததும் வெரட்டுறியே மது. செத்த நேரம் உக்காரவாவது விடு.

— உக்காரு. உன்னைய யாரு வெரட்டுறா? குடுக்கணும்னு தோணுச்சு, குடுத்துட்டேன். அம்புட்டுதான்.

— அப்ப நம்ம எஞ்சினு?

— எந்த எஞ்சினு?

— எந்த எஞ்சினா! இந்த ஊரு வழியா செங்கோட்டைக்குப் போன மீட்டர்கேஜ் கரி எஞ்சின்லே. எந்தக் கம்பெனிக்காரனும் அதைச் சின்னதாச் செஞ்சு விக்கல, நாமளே செஞ்சுருவோம்ன. ஜப்பான்காரன் செஞ்ச எஞ்சின் ரெண்டை வாங்கி, ஒண்ணுலருந்து சக்கரத்தையும் இன்னொண்ணுலருந்து பாய்லரையும் அறுத்து எடுத்து ஒட்டணும்ன. அதுக்குத்தானே இந்த ரெண்டும்?

— சொன்னவனுக்குக் கை இருந்துச்சு.

— என் வீட்டு மாடியில ஸ்டேஷன் கட்டியாச்சு, தண்டவாளம் போட்டாச்சு. வடாம் காயப்போட எடமில்லன்னு என் வீட்டுக்காரி கேத்ரின் தெனமும் ஏசுதா. பிளாட்பாரத்துல சின்னச் சின்ன ஆளா நிறுத்தி வச்சிருக்கேன். டீ விக்கவன் ஒருத்தன், கைப்புள்ளக்காரி ஒருத்தி. எம்புட்டு நாளைக்குலே அவங்க வராத ரயிலுக்கு நிப்பாங்க?

— ஆளை எடுத்துரு.

— ஏங்க, வீட்டுக்கு வந்தவியள்ட்ட இப்படியா பேசுவாவ?

— நீ போயி டீ போடுட்டி.

— நான் இங்கதான் நிப்பேன்.

— மது, இங்க பாரு. சக்கரம் குடுக்குத டோனர் எஞ்சின் எது, பாய்லர் குடுக்குத டோனர் எது? அதை மட்டும் சொல்லு. டோனர் பாக்கக் கை எதுக்கு? கண்ணு போதும்லா.

— டோனரு! நல்ல பேருதாம்லே வச்சிருக்காங்க. உள்ளதையெல்லாம் கழட்டிக் குடுத்துட்டு, மிச்சக் கூட்டைக் குப்பையில போட வேண்டியது. நானும் இப்ப அதான். வாட்சு பாண்டிதுரைக்கு, மெசினு காலேஜுக்கு, எஞ்சினு உனக்கு.

— மிச்சம்?

— மிச்சம் என்ன இருக்கு? சாதத்தைப் பெசஞ்சு இவ ஊட்டிவிடணும். வேட்டி இவ கட்டிவிடணும். அம்புட்டுதான் மிச்சம்.

— நான் என்னைக்காவது மொகம் சுளிச்சேனா? பெருமாள் மேல சத்தியமாச் சொல்லுங்க, சுளிச்சேனா?

— சுளிக்கலட்டி. சுளிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

— ஏலே, அந்தப் பிள்ளையை அழ வைக்காத. சரி, நான் எடுத்துட்டுப் போகல. இங்கயே, உன் கண்ணு முன்னாலயே அறுக்கேன். ரம்பம் வச்சிருக்கியா, அதையும் குடுத்துட்டியா?

— உனக்கு அட்டை வெட்டவே நேரா வராது. பித்தளையை அறுக்கப் போறியாக்கும்?

— வராதுதான். இன்னைக்குப் பழகுதேன். மாதவி, அந்தச் சன்னல் திட்டுல இருக்குதே சின்ன ரம்பம், அதை எடு. பேப்பரையும் பிரி. ஆண்டவரே, தங்கம் மாதிரி மினுங்குது! சரி, இது பாசஞ்சர் எஞ்சினு. ஒரு பக்கத்துக்கு மூணு பெரிய சக்கரம். அது கூட்ஸ் எஞ்சினு, நாலு சக்கரம். நம்ம எஞ்சினுக்கு மூணு, போட்டோவுல எண்ணிட்டேன். அப்ப மூணுக்கு மூணு, பாசஞ்சர் சக்கரந்தான். இதோட பாய்லரை அறுத்துத் தள்ளிட்டு, கூட்ஸோட பாய்லரை மேல வைக்கணும். சரிதானே?

— சரி.

— பாத்துச் சொல்லு. நீ இந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

— சரிங்கேன்லா. அறு.

— ஏலே, நான் ஒட்டுன வேப்பமரம் கொஞ்சம் ஒசரம் கூடிப் போச்சுன்னு எங்கூட மொகம் குடுத்துப் பேசாதவன்லே நீ! இம்புட்டுப் பெரிய மரம் சாஞ்சா டிரைவர் பொழைப்பானான்னு ரோட்டுல நின்னு சண்டை போட்டவன். இன்னைக்கு ஒரே வார்த்தையில சரிங்குதியே?

— அது வேற ஆளு.

— ஏசப்பா, அந்த வேற ஆளைக் கொஞ்சம் திருப்பிக் குடும்.

— எனக்காக ஜெபம் பண்ணாதலே. இவளும் விடியமுன்ன குளிச்சு, ஆண்டாள் சன்னதியில போயி அழுதுட்டுத்தான் வாரா. கை எந்திரிச்சிருச்சா?

— கை எந்திரிக்கணும்னு யாரு கேட்டா? நீ எந்திரிக்கணும்னு கேக்கோம்.

— பேசத் தெரியாதுன்னு வாசல்ல சொன்ன. நல்லாத்தான் பேசுத.

— அப்ப... எல்லாம் கேட்டுச்சா?

— எனக்குக் காது நல்லாக் கேக்கும். அறுக்க வந்தவன் அறுத்துட்டுக் கெளம்புலே.

— சரி. மாதவி, எஞ்சினை ஆடாமப் புடிச்சுக்கோ.

— புடிச்சிட்டேண்ணே.

— அப்படியே இருக்கட்டும். மது, கடைசியாக் கேக்கேன். அறுத்தா அறுத்ததுதான், முன்ன மாதிரி ஆகாது. நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க! இதுதானா?

— அறுன்னுட்டேன். பொறவும் பொறவும் கேட்டா?

— இந்தா, வச்சுட்டேன். ஏசப்பா, கூட இரும்.

— அண்ணே, பித்தளைத் தூளு கொட்டுது.

— கொட்டட்டும்.

— கோணலாப் போகுதுண்ணே, நம்பர் தகட்டை ஒரசிருச்சு!

— ஒரசட்டும் தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். தெரிஞ்சவன் சன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்.

— ஏலே.

— என்னலே?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லன்னா அறுக்கேன்.

— ஏங்க, ஏதாச்சும் இருந்தா வாயைத் தொறந்து சொல்லுங்க!

— ஒண்ணுமில்லன்னுதானட்டி சொல்லுதேன்... ஏலே நிறுத்துலே! கையை எடுலே மூதி! நமக்கு வேண்டிய பாய்லரையே அறுத்துக்கிட்டு இருக்க!

— நீதானலே சரின்ன!

— சக்கரத்தைப் பாருலே! எம்புட்டு ஒசரம்!

— மூணு இருக்குல்லா?

— மூணு இருந்தா ஆச்சா? அது வெரசா ஓடுத எஞ்சினு, ஆளு ஒசரத்துக்குச் சக்கரம். நம்ம மீட்டர்கேஜ் எஞ்சினுக்குச் சக்கரம் குட்டைலே. இது மேல பாய்லரை வச்சா ஒட்டகம் மாதிரி நிக்கும். கூட்ஸைப் பாரு, அந்தக் குட்டைச் சக்கரந்தான் நம்ம அளவு. நாலுல ஒண்ணைக் கழட்டிட்டா மூணு. எல்லாவனும் சக்கரத்தை எண்ணுவான். ஒருத்தனும் அளக்க மாட்டான்.

— அப்ப கூட்ஸ் சக்கரம், பாசஞ்சர் பாய்லரு?

— ஆமாலே. நீ நேர்மாறா வெட்டுத.

— இது உனக்கு எப்பத் தெரியும்?

— வாங்குன அன்னைக்கே தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டேவா அறுன்ன?

— தெரிஞ்சுதான் சொன்னேன். எல்லாம் போகுது, இதுவும் போகட்டும்னு.

— பொறவு ஏன் நிறுத்துன?

— தெரியலலே. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியல... அம்புட்டுதான்... முடியலலே ராபர்ட்டு...

— அண்ணே, அழுவுதாவ. சிரிச்சுக்கிட்டே இருந்தவிய அழுவுதாவண்ணே.

— அழட்டும் தங்கச்சி. ஸ்தோத்திரம். அந்தச் சிரிப்புக்கு இது எவ்வளவோ மேலு. நீ போயி அவன்கிட்ட உக்காரு.

— மூக்கைத் தொடைச்சு விடுட்டி. ஏலே, அதை இங்க கொண்டா. எம்புட்டு ஆழம் போயிருக்கு?

— நகக்கண் அளவுதான். பொழைச்சுக்கிடுமா?

— பொழைக்கும். ஈயம் வச்சுப் பத்த வச்சு, நைசா அரம் போட்டுத் தேச்சா தழும்பு மட்டும்தான் தெரியும்.

— யாரு தேய்க்க?

— நீதான். வேற யாரு இருக்கா? வெடுக்கு வெடுக்குன்னு தேய்க்காம, ஒரே பக்கமாத் தேய்க்கணும். நான் பக்கத்துல இருந்து சொல்லுதேன். ஆனா அரத்துக்கு எங்க போக? எல்லாத்தையும் காலேஜுக்குக் குடுத்துட்டேனே.

— டிராயர்ல பழைய அரம் இருக்குன்னியளே?

— டிராயரை விடுட்டி.

— ஏங்க?

— டிராயர்ல அரம் இல்ல மாதவி.

— பெருமாளே...

— தங்கச்சி, அழாத. அவனே பேசட்டும்.

— ராபர்ட்டு, நாளைக்கு வருவியா?

— நாளைக்கும் வாரேன். திங்கக்கெழமை உங்க ரெண்டு பேரோட மதுரை ஆஸ்பத்திரிக்கும் வாரேன். பொறவு இந்த எஞ்சின் முடியுத வரைக்கும் பஸ்காரனே என்னைய வெரட்டுனாலும் வாரேன். உன் கண்ணு, என் கை. ரெண்டு டோனர் சேந்தாத்தானலே ஒரு எஞ்சினு.

— உன் கையி! மரம் ஒட்டுத கையி. விடிஞ்ச மாதிரித்தான்.

— விடியட்டும், காத்திருக்கேன்.

— எஞ்சின் ரெண்டும் இந்த மேசையிலயே இருக்கட்டும். பையை வெறுமனே கொண்டுட்டுப் போக வேண்டாம். ஏட்டி மாதவி, இடுப்புல இருக்குத சாவியை அவுத்து எடு. கட்டும்போது இந்த ஒத்தக் கை கட்டிருச்சு, அவுக்க வரல. டிராயர்ல இருக்கதை நீ பாக்காத, அவனே எடுத்துப் பையில போடட்டும். ராபர்ட்டு, ஏலே, நான் திருப்பிக் கேட்டாலும் தராதலே.